முன் இடது சக்கரத்துப் பழம்

திருப்பரங்குன்றத்தில் வாடகைக் கார் ஓட்டும் ஜெயபாண்டியின் கார், பூட்டி நிறுத்தியிருந்தபோதும் மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. சக்கரம் சுற்றவில்லை, சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது, மீட்டர் முள் மட்டும் ஏழில் நின்று லேசாகத் துடித்தது. நான்குவழிச் சாலையில் நூறில் பறந்தாலும் அதே ஏழுதான். செகண்ட்ஹேண்டில் வாங்கிய மூன்றாம் நாளே வந்த கோளாறு இது. கர்ப்பிணி மனைவி முனீஸ்வரிக்கு எட்டாம் மாதம் தொடங்கியதும் அவனுக்குப் பயம் வந்தது. வலி எடுத்தால் இந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வேகம் தெரியாமல் எப்படி ஓட்டுவது?

மெக்கானிக் விருமாண்டி எந்த வண்டியையும் சரிசெய்யாமல் அனுப்பியதில்லை என்று பீற்றிக்கொள்பவர். சென்சாரை மாற்றினார், வயரிங்கை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார், மீட்டரையே புதிதாகப் போட்டார். புது மீட்டரும் ஏழு காட்டியது. கடைசியில் பேட்டரி வயரைக் கழற்றினார். முள் பூஜ்யத்தில் படுத்தது. அவர் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார். பட்டறை நாற்காலியில் உட்கார்ந்திருந்த முனீஸ்வரி வயிற்றில் கை வைத்தபடி, "அண்ணே, பிள்ள அசையல" என்றாள்.

"தூங்கும் தங்கச்சி."

"இல்லண்ணே. இம்புட்டு நேரம் உதைச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க கழட்டவும் நின்னுபோச்சு."

விருமாண்டி சட்டென்று வயரை மாட்டினார். முள் ஏழுக்கு எழுந்தது. அதே நொடியில் அவள் வயிறு ஒரு பக்கம் புடைத்து இறங்கியது. தொழில் புத்தி விடாமல், உறுதிசெய்துகொள்ள அவர் மறுபடி வயரைத் தொட்டார். முனீஸ்வரி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஒருதடவ போதும்ணே."

அப்புறம்தான் அவர் கேட்டார்: "கோயில்ல நாலு பழமும் நசுங்குச்சா மாப்ள?" வாங்கிய அன்று வண்டிப் பூஜையில் சக்கரங்களுக்கு அடியில் வைத்த நான்கில் மூன்றுதான் நசுங்கியிருந்தன. முன் இடது சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம் நழுவி உருண்டது. அதைத் திரும்ப வைத்து ஏற்றியிருக்க வேண்டும். சவாரிக்கு நேரமாகிவிட்டதென்று ஜெயபாண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். இரண்டு நாள் கழித்து, வெயிலில் தலைசுற்றிய முனீஸ்வரி அதைப் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்துவிட்டாள். முள் ஏழுக்கு வந்தது அன்றைக்குத்தான். "வண்டிக்கு வச்சதப் பிள்ள குடிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, விருமாண்டி டேஷ்போர்டை மூடினார்.

வேகம் பார்க்க ஜெயபாண்டி செல்போனை டேஷ்போர்டில் ஒட்டிக்கொண்டான். மகள் பாண்டிச்செல்வி பிறந்த நிமிடம் முள் நாற்பதைத் தொட்டு இறங்கியது. தொப்புள்கொடியோடு அந்த வயரும் அறுந்துவிட்டதா என்று பேட்டரியைக் கழற்றிச் சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. இப்போது அவளுக்கு ஆறு வயது. தூங்கினால் முள் இரண்டு, பள்ளி மைதானத்தில் ஓடினால் பதினொன்று, காய்ச்சல் கண்டால் பத்தொன்பது. வேறு கார் வந்த பிறகும் பழையது கொட்டகையில் நிற்கிறது. அதன் கண்ணாடி வழியே முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் முனீஸ்வரி அடுப்பைப் பற்றவைக்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விருமாண்டி வந்து, பக்கத்தில் இன்னொரு பேட்டரியை இணைத்துவிட்டுப் பழையதைக் கழற்றுகிறார். அன்றைக்குப் பாண்டிச்செல்வி பள்ளிக்குப் போவதில்லை. அம்மா மடியில் உட்கார்ந்து, மாமா சரி என்று சொல்லும்வரை மூச்சை அடக்கிக்கொள்கிறாள். பேட்டரி மாற்றும்போது எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.