கோயிலைச் சுமந்த மேசை

நேரான கால் வைத்த மேசையைக் கண்டாலே தச்சன் சில்வெஸ்டருக்குக் கொட்டாவி வரும். அறுபத்துமூன்றாம் ஆண்டு பங்குச் சுவாமி தான் தங்கியிருந்த அறைமனைக்குச் சாப்பாட்டு மேசை ஒன்று கேட்டபோது, ஆறு பேர் இருக்கக்கூடியதாய், பலமாய் இருந்தால் போதும் என்றுதான் சொன்னார். காலைப் பற்றி ஒன்றும் சொல்லாதது சுவாமியின் பிழை என்று சில்வெஸ்டர் பிறகு வாதாடினான்.

கோயில் நிர்வாகத்தில் நான்கு பேர். ஞாயிறு பூசை முடிந்ததும், இந்தக் கோயிலையே தாங்கள்தான் சுமப்பதாகச் சொல்லாமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். சுமக்கட்டுமே என்று நினைத்தான் சில்வெஸ்டர். வாவிக்கரையில் உடைந்து கிடந்த தோணிப் பலகையை இழைத்து மேல்தட்டாக்கினான். நான்கு முதிரைக் கட்டைகளில் அந்த நால்வரையும் செதுக்கி, குனிந்து முதுகில் தாங்க வைத்தான். தலைவர் அருமைநாயகத்தின் தொந்திக்கு ஓட்டை விழுந்த செப்புக் கிடாரம். தங்கப் பல்லுக்குப் பழைய பித்தளைப் பைப்பில் ஒரு துண்டு. நால்வரில் இன்னொருவரான பற்றிக் மாஸ்டரின் மூக்குக்கண்ணாடிக்குச் சைக்கிள் கம்பி. ஒருவரும் தனியே நழுவாதபடி நால்வரையும் நங்கூர இரும்பால் பிணைத்தான்.

அவன் மனைவி அஞ்சலா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் யோசனை வந்தது.

“நாம செத்தா புதைக்கச் சேமக்காலையில இடம் தரமாட்டாங்க.”

மேசை அறைமனைக்குப் போனது. சுவாமி அதை இரண்டு தரம் சுற்றி வந்தார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் இருமினார். அது இருமல் இல்லை என்று குசினிக்காரன் ஊரெல்லாம் சொன்னான்.

ஞாயிறு நிர்வாகம் வந்து பார்த்தது. அருமைநாயகத்தின் மனைவி புஸ்பம் குனிந்து பார்த்துவிட்டு, முகம் அச்சொட்டு, வயிறுதான் கொஞ்சம் குறைவு என்றாள். மேசை இப்போதே வெளியேற வேண்டும் என்றார் அருமைநாயகம். ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடையாது, நீங்களே தூக்கினால்தான் உண்டு என்று சுவாமி மிகவும் வருத்தத்தோடு சொன்னார்.

அது கையால் தூக்கும் பாரமில்லை. நால்வரும் குனிந்து முதுகு கொடுத்தார்கள். பூசை முடிந்த சனம் முழுதும் வீதியோரம் நின்றது. எட்டுப் பேர் போனார்கள். நால்வர் நடந்து, நால்வர் தொங்கிக்கொண்டு.

சில்வெஸ்டரின் முற்றத்தில் இறக்கிவிட்டு மூன்று பேர் போய்விட்டார்கள். அருமைநாயகம் மட்டும் மரக்குற்றியில் குந்தி, அஞ்சலா கொடுத்த தண்ணீரைக் குடித்தபடி மேசைக்காலில் இருந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடி விழுமோ என்று சில்வெஸ்டர் உளியைக் கீழே வைத்துவிட்டு நின்றான்.

“என்ன மரம்?”

“முதிரை.”

“கறையான் அரிக்குமா?”

“நூறு வருசத்துக்கு அரிக்காது.”

அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். பிறகு தன் மூக்கோரத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இந்தப் பாலுண்ணிய மட்டும் சீவிவிடு. நாளைக்கு வண்டி அனுப்புறன்.”

மேசை அவர் வீட்டு முன்விறாந்தைக்குப் போனது. மற்ற மூன்று பேரும் ஏதாவது சாட்டுச் சொல்லி அங்கே சாப்பிட வரத் தொடங்கினார்கள். சில்வெஸ்டர் இரண்டே நாளில், கொட்டாவி விட்டுவிட்டு, நேரான நான்கு காலோடு சுவாமிக்கு வேறு மேசை செய்து கொடுத்தான். சுவாமி அதன் கால்களைத் தடவிப் பார்த்தார்.

“ஒரு நண்டாவது செதுக்கி வச்சிருக்கலாமே, சில்வெஸ்டர்” என்றார்.