இரண்டரை மில்லிமீட்டர்

கிட்டின்ஸ் குடும்பத்து வண்டியை வெளியாள் தொட்டதில்லை. என் அப்பா காலத்தில் பால்காரர் சைக்கிள், என் காலத்தில் மலைச் சைக்கிள். எதுவானாலும் எங்கள் வீட்டு வண்டி எங்கள் கையால்தான் கழற்றிப் பூட்டப்படும். ஆகவே, பின்பக்கத்தில் அதிர்வு தாங்கப் புது ஷாக் எது வாங்கலாம் என்று என் மகள் மெலெரி பெர்வினிடம் போய்க் கேட்டது தெரிந்ததும் இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. பெர்வின் என் சைக்கிள் கடையில் பதினோரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, எங்களுக்கு நேர் எதிரே கடை போட்டவன்.

அவளுடைய பழைய காற்று ஷாக் நீண்ட இறக்கத்தில் சூடேறித் துவண்டுவிடும். பாதி மலை இறங்குவதற்குள் பின்சக்கரம் உதைக்கத் தொடங்கும். ஸ்பிரிங் ஷாக் அடிவாரம்வரை ஒரே குணத்தோடு இருக்கும். அவள் எடைக்கு நானூறு பவுண்டு விறைப்புள்ள ஸ்பிரிங் என்று நானே கணக்கிட்டேன். ஷாக்கையும் நானே வரவழைத்தேன். பழையதைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் வைத்து ஓட்டைக்கு ஓட்டை அளந்தேன். இரண்டும் இருநூற்று முப்பது மில்லிமீட்டர். பொருந்தியது.

மெலெரி குனிந்து பார்த்தாள். "அப்பா, ஸ்பிரிங்க மாட்டாம ஒரு தடவ சக்கரத்த மேல வரைக்கும் அமுக்கிப் பாத்துடலாமா? டயர் எங்கயாவது இடிக்குதான்னு."

எல்லாக் கடையிலும் செய்கிற சோதனைதான். நானும் செய்பவன்தான். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பெர்வின் எங்கள் கடை வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தான்.

"என்ன மிஸ்டர் கிட்டின்ஸ், அளவு சரியா வந்துச்சா? இல்ல சுத்தியல் வேணுமா?"

"உன் கடையில சுத்தியல் வச்சுத்தான் வேல நடக்குதோ?" என்றேன். மகளிடம், "நாப்பது வருஷமாப் பூட்டுறேன். சந்தேகப்பட்டுப் பூட்டுற பழக்கம் நமக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்பிரிங்கை மாட்டி முறுக்கினேன்.

மலையிறக்கப் பந்தய நாளன்று தூறல். காலையில் ஒத்திகையாக இரண்டு முறை இறங்கிவிட்டு வந்து, "பின்னாடி தரையோட ஒட்டிக்கிட்டே போகுதுப்பா" என்று சிரித்தாள். பழைய கல்குவாரிப் பள்ளத்தில் மட்டும் ஒத்திகையில் குதிக்கவில்லை, ஓரமாக இறங்கிவிட்டாள். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு அது. பந்தயத்தில் குதித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் நான்கு விநாடி போகும்.

மெலெரியையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வேன் மேலே போனது. நான் கூடாரத்தில் பழைய ஷாக்கைத் துணியில் சுற்றப் போனேன். சேறு துடைத்தபோது அதன் உடம்பில் அச்சடித்திருந்த எண்கள் தெரிந்தன. நீளம் இருநூற்று முப்பது. அமுங்கும் தூரம் அறுபத்திரண்டரை.

புதியதன் பெட்டி காலடியில் கிடந்தது. நீளம் இருநூற்று முப்பது. அமுங்கும் தூரம் அறுபத்தைந்து.

நான் நீளத்தை மட்டுமே அளந்திருந்தேன். ஷாக்கில் இரண்டரை மில்லிமீட்டர் என்றால் பின்சக்கரத்தில் ஏழு. அந்தப் பிரேமில் டயருக்கும் சீட் குழாய்க்கும் நடுவே ஏழு மில்லிமீட்டர் இடம் கிடையாது. சாதாரண மேடு பள்ளத்தில் ஒன்றும் ஆகாது. அடிவரை அமுங்கும் ஒரே இடம் குவாரிதான். அங்கே தரை தொடும் நொடியில் டயர் குழாயில் இடித்து நிற்கும். அவள் நிற்க மாட்டாள்.

கைபேசியில் சிக்னல் இல்லை, அந்தப் பள்ளத்தாக்கில் என்றுமே இருந்ததில்லை. மேலே விசில் சத்தம்; ஒவ்வொருவர் இறங்கும்போதும் பாதைக் காவலர்கள் ஊதுவது. நேரப் பட்டியல்படி நாற்பத்தோராம் எண் இறங்குகிறான். மெலெரி நாற்பத்தேழு. நிமிடத்துக்கு ஒருவர்.

நடுவர்கள் இருக்கும் முடிவுக்கோடு பள்ளத்தாக்கின் மறுகோடியில்; குவாரியில் நிற்கும் காவலர்தான் பக்கம். காட்டு வழியாக நேராக ஏறினேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. வேர்களைப் பிடித்து ஏறும்போது என் மூச்சுச் சத்தத்துக்கு நடுவே விசில்களை எண்ணினேன். நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. ஒரு முறை சறுக்கி முழங்காலில் விழுந்தேன். எழும்போது நாற்பத்து நான்கா ஐந்தா என்று குழம்பிவிட்டது. 

குவாரி விளிம்பில் பாதைக் காவலனாக ரேடியோவும் சிவப்புக் கொடியுமாக நின்றவன் பெர்வின்.

"மெலெரிய நிறுத்து."

"ஏன், வீட்ல யாருக்காவது..."

"வண்டி சரியில்ல. நிறுத்து."

"காரணம் சொல்லாம நிறுத்த முடியாது மிஸ்டர் கிட்டின்ஸ். அடுத்தவன் ஓட்டத்தையும் கெடுக்கணும். ரேடியோவுல என்னன்னு சொல்றது?"

அந்த ரேடியோவில் சொல்வது கீழே முடிவுக்கோட்டு ஒலிபெருக்கிக்காரனுக்கும் கேட்கும். பள்ளத்தாக்கு ஊர் முழுவதும் அங்கே நிற்கிறது. அரை நொடி நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அரை நொடியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

"கிட்டின்ஸ் தப்பான ஷாக்கப் பூட்டிட்டான்னு சொல்லு. சோதிக்காமப் பூட்டினான்னும் சொல்லு."

பெர்வின் என் முகத்தைப் பார்த்தான். அப்படியே சொன்னான். மேலிருந்து பதில் வந்தது: "நாப்பத்தேழு கிளம்பி இருபது விநாடி ஆச்சு."

அவன் கொடியோடு பாதை நடுவில் ஓடினான். நானும் போய் நின்றேன். மரங்களுக்குள் விசில். கல் தெறிக்கும் சத்தம். வளைவில் அவள் தலைக்கவசம் தெரிந்தது. பெர்வின் கொடியை ஆட்டிக்கொண்டே கத்தினான். ஈர மண்ணில் இரு சக்கரமும் பிரேக்கில் இறுகிச் சறுக்கின. வண்டி பக்கவாட்டில் திரும்பி எங்களை நோக்கி வந்தது. நான் நகரவில்லை. விளிம்புக்கு ஒரு கை நீளத்தில் நின்றது.

"பைத்தியமா உங்களுக்கு? இதுதான் என்னோட நல்ல ஓட்டம்!" என்று அலறினாள்.

பெர்வின் அடுத்தவனை விட வேண்டாம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டு, பையிலிருந்து திருகுச்சாவியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டான். ஷாக்கை இறக்கி, ஸ்பிரிங்கை உருவி, வெறும் ஷாக்கை மீண்டும் மாட்டினான். "நீங்க அமுக்குங்க மிஸ்டர் கிட்டின்ஸ்" என்று விலகிக்கொண்டான். சீட்டின்மேல் என் முழு எடையையும் போட்டேன். அடிவரை அமுங்குவதற்கு முன்பே டயர் குழாயில் அழுந்தி நின்றது. மெலெரி சக்கரத்தைச் சுற்றப் பார்த்தாள். அசையவில்லை.

கீழே ஒலிபெருக்கியில் எங்கள் குடும்பப் பெயர் கேட்டது. சிலர் சிரித்ததும் கேட்டது.

"சொந்த வண்டிக் கோளாறுன்னா மறு ஓட்டம் கிடையாது, தெரியும்ல?" என்றான் பெர்வின், அவளிடம் மெதுவாக.

அவள் தலையசைத்தாள். பிறகு விளிம்புக்குப் போய்க் கீழே, தரை தொடும் இடத்தில் கிடந்த பாறைகளைப் பார்த்தாள்.  நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, கொஞ்சம் இப்படி வாங்க" என்றாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.