ஒரே ஒரு கைப்பட்டை

“கூட ஒருத்தர்தான் இருக்கலாம்மா,” என்று நர்ஸ் மறுபடியும் சிரித்தபடியே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளையின் துடிப்பைப் பார்க்க வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட், கையில் ஊசி. கட்டிலைவிட்டு இறங்கக்கூட முடியாது. கதவருகே இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி, அலபாமாவிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து டெட்ராய்ட் வந்த என் அம்மா. இன்னொருத்தி ஓடெசா, என் டூலா. பிள்ளை பிறக்கும்வரை பக்கத்திலேயே இருந்து என்னைத் தாங்கவும், எனக்காக நாலு கேள்வி கேட்கவும் வந்தவள். என்னைப் போன்ற வசதியில்லாதவர்களுக்காக இப்போது அரசாங்கக் காப்பீடே அவளுக்குச் சம்பளம் தருகிறது. பிரசவத்தின்போது அறையில் இல்லாவிட்டால் அதுவும் கிடையாது.

“அவங்க சும்மா பார்க்க வந்தவங்க இல்ல. என் இன்ஷூரன்ஸ்லயே இருக்கு,” என்றேன்.

“இன்ஷூரன்ஸ் யாருக்கு வேணா காசு குடுக்கட்டும். எங்களுக்கு அவங்க பார்க்க வந்தவங்கதான்.”

கூட இருப்பவருக்கான நீலப் பட்டையை அம்மாவின் கையில் ஏற்கெனவே மாட்டியாயிற்று. அதை வெட்டினால்தான் இன்னொருவருக்குப் புதிது கிடைக்கும். வெட்டிக்கொண்டவர் திரும்ப மாடியேற முடியாது.

“யாரோ எவளோ, அவளுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குது. பெத்தவளுக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்துக் குடுத்துச்சா?” என்று அம்மா பொரிந்தாள்.

ஓடெசா பையை எடுத்துக்கொண்டாள். “நீங்களே இருங்கம்மா. நான் கீழே இருக்கேன்.”

எனக்கு இரண்டு பேருமே வேண்டும். என் அக்கா கமில் இதே ஆஸ்பத்திரியில்தான் பிள்ளையைப் பெற்றுவிட்டு, தலை வெடிக்கிறது, தலை வெடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே செத்துப்போனாள். என் காப்பீட்டை ஏற்கும் வேறு ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. அன்றும் அவள் கூட இருந்தது அம்மாதான். ஓடெசா இருக்கட்டும் என்றால் அம்மா நொறுங்கிப்போவாள். சொல்லாவிட்டால் நான் பிழைப்பேனா என்று பயமாக இருந்தது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நர்ஸிடம் கையை நீட்டினாள். “வெட்டு.”

“அம்மா, வேணாம்மா…”

“சும்மா இருடி. அன்னிக்கு அவ தலைவலின்னா. எல்லாம் சரியாயிடும்னாங்க. நானும் ‘சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்’னு மரியாதையா நின்னேன்.” ஓடெசாவின் பக்கம் திரும்பினாள். “நீ மரியாதையா நிக்காத. புரியுதா?”

ஓடெசா தலையாட்டினாள். அம்மா தான் கொண்டுவந்த சோளரொட்டிப் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.

அடுத்த வலி வந்தது. “அம்மா!” என்று கத்தினேன்.

வெளியே லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. “இருக்கேன்,” என்றாள் ஓடெசா.