விழுந்தால் சிரிக்கக் கூடாது

எங்கள் திரைப்படச் சங்கத்தின் தலைவர் லிங்கேஸ்வரன் சார், ஓய்வு பெற்ற பேராசிரியர். சிரிப்புப் படத்தைக்கூடச் சிரிக்காமல் பார்த்துப் பழகியவர். செயலாளர் நான், பாண்டிசெல்வி. நாற்காலி போடுவது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது, அவர் பேசும்போது தலையாட்டுவது எல்லாம் என் பொறுப்பு.

ராஜபாளையத்தில் சங்கத்துக்கென்று ஓர் இடம் வேண்டும். கிடைக்காவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சங்கத்தோடு சேர வேண்டியதுதான். அங்கே அரங்கமும் இருக்கிறது, தலைவரும் இருக்கிறார். அங்கே போய்ச் சாதாரண உறுப்பினராக உட்காருவதைவிட சார் சாமியாராகப் போய்விடுவார். அதனால் கல்யாண மண்டப முதலாளி இருளப்பசாமி அண்ணாச்சியைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, அவர் மண்டபத்திலேயே ஒரு படம் போட்டோம். அவருக்குப் படம் பிடித்துவிட்டால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபம் இலவசம்.

படம் நூறு வருஷத்துக்கு முந்தையது, பேச்சே கிடையாது. ஏணி சுமக்கும் ஒரு குண்டன் திரும்பும்போதெல்லாம் யாரையாவது தட்டிவிடுவான். பூஞ்சை பிடித்துக் கிடந்த பிலிம் சுருளை வெளிநாட்டில் யாரோ வருஷக்கணக்காக உட்கார்ந்து, கீறல் கீறலாகத் துடைத்துப் புதுசாக்கியிருந்தார்கள். ஒருவன் வழுக்கி விழுவதை உலகம் மறுபடி பார்க்க வேண்டும் என்று இத்தனை பாடுபட்டவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

படத்துக்கு முன்னால் பொன்னாடை. எங்கள் பக்கம் போர்த்திய பொன்னாடையைக் கூட்டம் முடியும்வரை கழற்றக் கூடாது. கழற்றினால் போர்த்தியவர் முகம் சுண்டிப்போகும். அண்ணாச்சிக்கு ஒன்று போர்த்தினோம். சாருக்குப் பழைய மாணவர்கள், வாக்கிங் நண்பர்கள், சம்பந்தி வீட்டார் என்று ஆளாளுக்குப் போர்த்தினார்கள். கடைசியில் மூக்கும் மைக்கும்தான் வெளியே தெரிந்தன.

"இது நகைச்சுவைப் படம் அல்ல. சமூகத்தின் வீழ்ச்சி. ஒருவன் விழும்போது சிரிக்காதீர்கள், சிந்தியுங்கள்" என்றார் சார்.

ஜனம் சொன்னபடி கேட்டது. ஏணி போலீஸ்காரரின் தொப்பியைத் தட்டியது. சிந்தித்தோம். ரொட்டிக்கடைக்காரர் மாவுத் தொட்டியில் தலைகுப்புற விழுந்தார். இன்னும் சிந்தித்தோம். அண்ணாச்சியின் மனைவி வெள்ளைத்தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். எனக்கு அடக்கி அடக்கி வயிறு வலித்தது. இழவு வீட்டில்கூட இவ்வளவு அடக்கத்தை நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி கொட்டாவி விட்டு வாட்சைப் பார்த்தார். மண்டபம் கைநழுவுவது சாருக்கும் புரிந்துவிட்டது.

ஆனால் விளக்கம் போதவில்லை என்றுதான் அவர் நினைத்தார். திரைக்கு முன்னால் மேடையில் ஏறி, "இந்த ஏணியைக் கவனியுங்கள்" என்று கையை நீட்டித் திரும்பினார். ஒரு பொன்னாடையின் ஜரிகை திரைக் கம்பியில் மாட்டியது. இழுத்தார். இன்னொன்று காலைச் சுற்றியது. சார் விழுந்தார், திரை அவர்மேல் விழுந்தது. அதற்கடியில் அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். அந்த மேட்டின்மேல் குண்டன் ஏணியோடு ஓடிக்கொண்டிருந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. அத்தனை பேரும் நெற்றியைச் சுருக்கிச் சிந்தித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத்தாய் என் பக்கம் சாய்ந்தார்.

"ஏட்டி செல்வி, இப்ப அவியளத் தூக்கணுமா, யோசிக்கணுமா?"

அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பீறிட்டது. பின்னாலேயே மண்டபம் மொத்தமும் சிரித்தது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நாங்கள் திரையைத் தூக்கியபோது சார் முகம் சிவந்து கிடந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

அண்ணாச்சி மேடையேறி வந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், மண்டபம் மாசாமாசம் ஒங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. வர்ற மாசமும் நீங்க விழணும்."

சார் ஸ்ரீவில்லிபுத்தூரை நினைத்துப் பார்த்திருப்பார். பிறகு பொன்னாடைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"படத்துக்கு முன்னாடியா, நடுவுலயா?" என்று கேட்டார்.