போர்வைக்கு எதுக்குங்க பாஸ்வேர்டு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன மாதம் தலையணை உறை வாங்கலாம் என்று ஓர் இணையக் கடைக்குப் போனேன். உறை பிடித்திருந்தது. வாங்கும் எண்ணமும் இருந்தது. கடைதான் என்னை உள்ளே விடவில்லை. முதலில் கணக்குத் தொடங்கு என்றது. பிறந்த தேதி கேட்டது. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து இல்லை என்றது. போட்டேன். குறியீடு இல்லை என்றது. அதையும் போட்டேன். நீ மனிதன்தானா என்று கேட்டது. அந்த இடத்தில் கணினியை மூடிவிட்டேன்.

மறுநாள் காலை கட்டுரை எழுத உட்கார்ந்தேன். 'வாடிக்கையாளரை வாசலில் நிறுத்தி விசாரிக்கும் பண்பாடு' என்று தலைப்புகூட வைத்தாயிற்று. இரண்டாவது பத்தியில் சோமனூர்ப் புவனா வந்து உட்கார்ந்துகொண்டாள். கட்டுரை எழுந்து போய்விட்டது.

2

எப்படித் தொடங்குவது?

"சோமனூரில் விசைத்தறிகள் இடைவிடாமல் இரைந்துகொண்டிருந்த ஒரு" (வேண்டாம். அந்த ஊர்க் கதை என்றாலே தறிச் சத்தத்தில்தான் ஆரம்பிக்க வேண்டுமா என்ன.)

"புவனாவின் கணவன் கிருபாசங்கர் ஒரு கல்நெஞ்சக்காரன்." (இது பொய். கட்டுரைக் கோபம் இன்னும் ஆறவில்லை.)

"கூடை நிறைந்திருந்தது. கடை காலியாக இருந்தது." இது இருக்கட்டும்.

3

கூடை நிறைந்திருந்தது. கடை காலியாக இருந்தது. புவனா தினமும் காலையில் மடிக்கணினியைத் திறந்தால் இந்தக் காட்சிதான். யார் யாரோ வருகிறார்கள். நீலக்கட்டம் போட்ட போர்வையைப் பார்க்கிறார்கள். கூடையில் போடுகிறார்கள். பிறகு காணாமல் போகிறார்கள்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அவள் தொடங்கிய தொழில் இது. அப்பாவின் தறிகளில் நெய்த போர்வைகளைத் தன் பெயரில் விற்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. தீபாவளிக்குள் சூடுபிடிக்காவிட்டால் பழைய வேலைக்கே போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜனங்கள் எந்த இடத்தில் காணாமல் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். 'கணக்குத் தொடங்குக' என்ற பக்கத்தில். அந்தப் பக்கத்தைச் செய்தவன் கிருபாசங்கர்.

4

இங்கே கிருபாசங்கரைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் வரைவில் அவனை வில்லனாக்கினேன். மனைவியைப் பார்த்து, "உனக்கென்ன தெரியும்" என்று ஒரு வசனமும் கொடுத்தேன். அவன் வாயில் அது நிற்கவே இல்லை.*

ஏனென்றால் அந்த இணையதளம் அவளுடைய பிறந்தநாளுக்கு அவன் தந்த பரிசு. கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் கணினிப் பாதுகாப்பு வேலை அவனுக்கு. வாரம் முழுக்க அங்கே பூட்டு செய்துவிட்டு, சனி ஞாயிறுகளில் இவளுக்காகவும் பூட்டு செய்தான். ஒருமுறை எங்கோ வாடிக்கையாளர் விவரங்கள் திருடுபோய், ஏமாந்த ஒரு பெண் தொலைபேசியில் அழுததை அவன் கேட்டிருக்கிறான். நம் கடைக்கு வருகிறவர்களுக்கு அப்படி நடக்கக் கூடாது என்றுதான் பூட்டுக்கு மேல் பூட்டாகப் போட்டான். ஆசையாகச் செய்த ஒன்றை எப்படிக் குறை சொல்வது? புவனா வாயைத் திறக்காமலே இருந்தாள்.

(* மன்னிக்கவும் கிருபா. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டாயிற்று.)

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் குரல் கேட்டது.

"ஏனுங்க அம்மணி, போர்வை விக்கற புவனாங்கறது நீங்கதானுங்களா?"

பெரிய கட்டைப்பையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"நாந்தானுங்க்கா. உள்ள வாங்க. எங்கிருந்து வாரீங்க?"

"காந்திபுரத்துல இருந்து. பேரு பொன்னாத்தாள். லேடீஸ் ஆஸ்டல் வெச்சிருக்கறனுங்க. புதுசாப் புள்ளைக வாராங்க, அத்தனை பேருக்கும் போர்வை வேணும். உங்க நீலக்கட்டம் மனசுக்குப் புடிச்சுப்போச்சு. போன்லயே வாங்கிப்போடலாம்னு பாத்தேன், முடியலை. அடியில உங்க அட்ரசு போட்டிருந்துச்சு." உட்கார்ந்து, தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "உங்க வெப்சைட்டுக்குள்ள போறதுக்கு, பஸ் ஏறி உங்க ஊட்டுக்குள்ளயே வந்தர்றது சுலபமா இருக்குதுங்க."

புவனாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் திரும்பிப் பார்த்தாள். உள்ளறைக் கதவருகே கிருபாசங்கர் நின்றிருந்தான்.

"அதைய ஆருங்க செஞ்சு குடுத்தது? அவங்களை நல்லா நாலு வார்த்தை கேக்கோணும்" என்றார் பொன்னாத்தாள்.

(நான் இங்கே வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். "யாரோ ஒரு கம்பெனிக்காரங்க" என்று புவனாவைப் பொய் சொல்ல வைக்கலாம். "எங்க ஊட்டுக்காரருங்க" என்று போட்டு உடைக்க வைக்கலாம். அதற்குள்)

"நாந்தானுங்க்கா" என்றான் கிருபாசங்கர்.

பொன்னாத்தாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தா நல்ல மனுசனாட்டத் தெரியறீங்க."

அவன் முகம் சிவந்துபோனது. ஆனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எங்க நின்னுபோச்சுன்னு காட்டுங்க பாக்கலாம்."

அவர் போனை எடுத்துக் காட்டினார். திரையில் ஒரு கேள்வி நின்றிருந்தது: உங்கள் பால்ய சிநேகிதியின் பெயர் என்ன?

"அவ பேரு எதுக்குங்க தம்பி உங்களுக்கு?"

"பாதுகாப்புக்குங்க்கா."

"ஆருக்கு? எனக்குங்களா, போர்வைக்குங்களா? போர்வைக்கு எதுக்குங்க பாஸ்வேர்டு?"

கிருபாசங்கர் தன் போனை எடுத்தான். கடையைக் கட்டிய நாளிலிருந்து முதல்முறையாக, ஒரு வாடிக்கையாளனாக, புதிய கணக்குத் தொடங்கப் பார்த்தான். பெயர், பிறந்த தேதி, கடவுச்சொல் எல்லாம் போட்டான். ஓடிபி வரவில்லை. வீட்டுக்குள் சிக்னல் சரியாக இருக்காது. வெளியே போனான். துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று போனை உயர்த்திப் பிடித்தான். ஓடிபி வந்தது. அதை அடிப்பதற்குள் பக்கம் காலாவதியாகி, முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. மறுபடி தொடங்கினான். மறுபடி கல்லில் ஏறினான்.

பெண்கள் இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னாத்தாள் காபியை ஆற்றிக் குடித்தார். புவனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

உள்ளே வந்தவன் சொன்னான்: "என்னையே உள்ள உடமாட்டீங்குது."

6

பொன்னாத்தாள் வேண்டியதை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, கட்டைப்பை நிறைய முதல் கட்டுப் போர்வைகளோடு பஸ் ஏறினார். மீதியைப் பார்சலில் அனுப்பச் சொன்னார். பெயரும் முகவரியும் மட்டும் கொடுத்தார். வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள்.

"ஜனங்க அங்கதான் நின்னுபோறாங்கன்னு உனக்கு முன்னயே தெரியுமா?" என்றான்.

"தெரியுமுங்க. நீங்க அவ்வளவு ஆசையாச் செஞ்சு குடுத்தீங்க. எப்படிச் சொல்றதுன்னுதான்…"

"சொல்லிப்போட்டிருக்கலாமில்ல கண்ணு. கடை உன்னுதுதான?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. தீபாவளிக் கெடுவைப் பற்றியும் சொல்லிவிட்டாள். அவன் திடுக்கிட்டுப் போனான். அன்று சாயங்காலமே மடிக்கணினியோடு உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, இது வேண்டாம், அதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். பிறந்த தேதி போனது. பால்ய சிநேகிதி போனாள். பெயர், முகவரி, போன் நம்பர் மிஞ்சின.

7

ஆர்டர்கள் வந்தன. கரூர், காரமடை, பெயரே கேள்விப்படாத ஊர்கள் என்று வந்தன. (எழுத்தாளன் வேண்டுமென்றே ஆர்டர் மழை பெய்ய வைத்ததாக நினைக்க வேண்டாம். கதவைத் திறந்தால் ஆட்கள் வருவார்கள், அவ்வளவுதான் விஷயம்.)

ஒருநாள் கிருபாசங்கர் வெற்றிக்களிப்போடு ஓடி வந்தான். யாரோ விளையாட்டுக்கு ஆர்டர் போட்டிருந்தார்கள். பெயர்: சூரியன். முகவரி: ஆகாயம்.

"பாத்தியா? இதுக்குத்தான் பூட்டு வேணுங்கறது."

புவனா பார்த்தாள். "அவருக்கெதுக்குங்க போர்வை" என்றாள். இருவரும் சிரித்தார்கள். ஆனால் அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் பார்சல் கட்டுவதற்கு முன் போனில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று.

கடைசிப் பக்கத்தில் அவன் ஒரு சின்னக் கட்டத்தையும் சேர்த்தான். 'அடுத்த முறைக்கு உங்கள் முகவரியை வைத்துக்கொள்ளட்டுமா?' கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்துவிடலாம் என்றான்.

"ஊட்டுக்கு வந்தவங்களைக் கேக்காமயே பேரு எழுதி வெச்சுக்குவமா? காலியா இருக்கட்டுமுங்க."

கட்டம் காலியாகவே இருந்தது.

8

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

பொன்னாத்தாளின் விடுதிக்கு மேலும் சில பெண்கள் வருகிறார்கள். அவர் காந்திபுரத்தில் உட்கார்ந்தபடியே போனில் நீலக்கட்டம் போட்ட போர்வைகளை எடுக்கிறார். பெயர் போடுகிறார், முகவரி போடுகிறார். கடைசிப் பக்கம் வருகிறது. கட்டம் காலியாக இருக்கிறது.

"அவர் சிரித்துக்கொண்டே டிக் அடித்தார், அதைப் பார்த்த புவனாவின் கண்கள்" என்று எழுதி நிறுத்திவிட்டேன். "அவர் கட்டத்தைத் தொடவே இல்லை. பரவாயில்லை என்றான் கிரு" என்று இன்னொன்று எழுதி, அதையும் நிறுத்திவிட்டேன். அது பொன்னாத்தாளின் விஷயம். அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் உரிமை எனக்கு இல்லை.

கட்டத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன். உங்களுக்கு விருப்பமிருந்தால் டிக் அடியுங்கள், இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். போர்வை எப்படியும் போய்ச் சேரும்.