திரையில் வராத மெனு

மூன்றாம் நாள் மாலைக்குள் அலுவலகத்தின் எல்லா மென்பொருளுக்கும் ஒரே லாகின் அமைத்துக் காட்டினால்தான் வேலை நிரந்தரமாகும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து மூன்றே மாதம். அதற்குக் கையேட்டில் காட்டியிருந்த மெனு என் திரையில் இல்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று இரண்டு நாள் வாயே திறக்கவில்லை.

கடைசியில், சாமி நீராடும் ஆறாட்டுத் திருவிழாவுக்காக விடுப்பில் கோயிலில் இருந்த எங்கள் அட்மின் வெங்கிடேஷ் அண்ணனுக்கு போன் செய்தேன்.

"அண்ணா, அந்த மெனுவையே காணல்லியே. எனக்கு விவரம் போராது போல."

"அசடே பிரபின்! அந்த மெனு அட்மின் திரையிலதான் தெரியும். ஒனக்கு பெர்மிஷன் குடுக்க நான்னா மறந்துட்டேன். கோயில் பக்கத்துல, பழவங்காடில பிரவுசிங் சென்டர் இருக்கு, இதோ போறேன்."

"வேட்டியும் துண்டுமாவா?"

"கம்ப்யூட்டர் என்ன, டை கேக்கறதா?"

பத்து நிமிடத்தில் மெனு வந்தது; உட்கார்ந்து லாகினை அமைத்து முடித்தேன். நாலு மணிக்கு மேலாளர் ஒருமுறை கடவுச்சொல் அடித்து எல்லா மென்பொருளிலும் நுழைந்தார். அதன் பிறகுதான் எனக்குப் பசித்தது.