கீறேன்

தசரதன் ஒருநாளும் சும்மா ஏறியவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தலைகால் புரியாம ஏறினான், பின்னால வுட்டுட்டான்" என்று பல்லாவரம் பூராவும் பேசினார்களே, அந்த வாய்களுக்கு என்ன தெரியும்?

எண்பத்தைந்தில் இந்தியக் கால்பந்து அணிக்கு வந்த பயிற்சியாளர் வடக்கத்திக்காரர். பதுங்கிப் பதுங்கியே தோற்கிறோம், இனி அடித்து ஆடுவோம் என்றார். பின்னால் மூன்று பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் நான்கு பேர். அது போதாதென்று, இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் தசரதனும் பந்தோடு மேலே ஏற வேண்டும். அவன் விட்டுப்போன இடத்தை, நடுவில் ஆடும் ஸ்ரீநிவாசன் இறங்கிவந்து அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் கதவைத் திறந்துபோட்டு ஊருக்குப் போன கதைதான்.

இருவருக்கும் அது புதிதில்லை. மீசை முளைக்காத வயதிலிருந்தே பல்லாவரம் மைதானத்தில் அப்படித்தான் ஆடினார்கள். தசரதன் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மாடு விற்பார்கள். ஸ்ரீநிவாசன் அஸ்தினாபுரத்துக் காலனிப் பிள்ளை, அப்பா ஆபீசர். ஏறுகிறவன் திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். அதனால் அவன் இடத்துக்கு வந்து நிற்பவன் "கீறேன்!" என்று கத்துவான்; 'இருக்கிறேன்' என்பதற்கு மெட்ராஸ் பேச்சு. அது காதில் விழுந்தால் போதும், தசரதன் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவான்.

"வூட்ல இப்டிக் கத்திக்கினு திரிஞ்சா உங்கம்மா சோறு போடாதுடா சீனு" என்று சிரிப்பான் தசரதன். ஸ்ரீநிவாசன் இன்னும் உரக்கக் கத்துவான்.

இந்தியச் சட்டையில் இருவருக்கும் அதுதான் முதல் ஆட்டம். முடியப்போகிற நேரம், இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல். தசரதன் காலுக்குப் பந்து வந்தது. முதுகுக்குப் பின்னால் "கீறேன்!" என்று கேட்டது. ஏறினான். இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு, கோல் முன்னால் உயரமாகப் பந்தைத் தூக்கிப் போட்டான். அங்கே தலையால் முட்ட எம்பியது யார்? ஸ்ரீநிவாசன்! அட பாவி, நீ இங்கே என்னடா செய்கிறாய்?

கோல் ஆசை, வேறென்ன. முட்டிய பந்து எதிரணி கோலியின் கைக்குப் போனது. அவன் அதை, ஆளில்லாமல் கிடந்த தசரதனின் இடத்துக்கு உதைத்தான். தசரதன் நுரை தள்ள ஓடிவந்தும் பயனில்லை. தோற்றார்கள்.

உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் அவனைப் பிடிபிடியென்று பிடித்தார். அணியில் தமிழ் தெரிந்த மூன்றாவது ஆள் மேனேஜர் யக்ஞநாராயணன்தான். தசரதன் அவரிடம் ஓடினான்.

"இவன் கொரல் குட்த்தான் சார். 'கீறேன்'னு கத்துனான். அதான் ஏறுனேன்."

"அப்படிச் சொன்னியாப்பா?" என்று கேட்டார் யக்ஞநாராயணன்.

ஸ்ரீநிவாசன் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்: "கீறேனா? அந்த பாஷையே எனக்கு வராது சார். எங்காத்துல யாரும் அப்படிப் பேசமாட்டோம்."

யக்ஞநாராயணன் தலையாட்டினார். நல்ல குடும்பத்துப் பையன் பொய் சொல்வானா என்ன! அதையே பயிற்சியாளரிடம் இங்கிலீஷில் சொன்னார். பொய்யைக்கூடத் தசரதன் பொறுத்துக்கொண்டிருப்பான். அந்தச் சொல்லை ஸ்ரீநிவாசன் அழுக்குத்துணி மாதிரி இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் போட்டானே, அதுதான் நெஞ்சை எரித்தது.

அதன்பிறகு அவனை அணிக்குக் கூப்பிடவில்லை. குரோம்பேட்டையில் பந்தல் போடும் தொழிலுக்கு வந்து சேர்ந்தான். ஸ்ரீநிவாசன் பல வருஷம் ஆடினான், கேப்டன் ஆனான், பிறகு இந்திய அணிக்கே உதவிப் பயிற்சியாளரும் ஆனான்.

தொண்ணூற்றாறில் தாம்பரத்தில் ஒரு கால்பந்துப் போட்டி. பந்தல் தசரதனுடையது. சிறப்பு விருந்தினர் ஸ்ரீநிவாசன். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அடித்து ஆடும் ஆட்டத்தை விளக்கினான்.

"ஒருத்தன் ஏறினா இன்னொருத்தன் அடைக்கணும். அதுக்கு நம்ம மெட்ராஸ்ல ஒரு வார்த்தை இருக்கு. கீறேன்! இந்தியா டீமுக்கே அதை நான்தான் கத்துக்கொடுத்தேன். இப்ப பஞ்சாப்காரன்கூட அப்படித்தான் கத்தறான்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்ற தசரதன் கை தட்டவில்லை.

கீழே இறங்கிய ஸ்ரீநிவாசன் அவனைப் பார்த்துவிட்டான். பத்துப் பேர் பார்க்க வந்து தோளில் கை போட்டான்.

"இன்னா மச்சான், எப்டி கீற?"

தசரதன் அந்தக் கையை மெல்ல எடுத்துக் கீழே விட்டான்.

"நன்றாக இருக்கிறேன், சார்."